முடி மாற்றுச் சிகிச்சை இயல்பாகத் தெரிய வேண்டுமானால்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒருவரைப் பார்த்த மாத்திரத்தில் "இது நட்ட முடி" என்று தோன்றிவிட்டால், முடி குறைவாக இருப்பது அதற்குக் காரணமாக இருப்பது அரிது. பெரும்பாலும் அந்த முடி அளவுக்கு மீறிய ஒழுங்கோடு நிற்பதுதான் காட்டிக்கொடுக்கிறது. முடி மாற்றுச் சிகிச்சைக்குத் தயாராகும் பலர், எத்தனை கிராஃப்ட் (பின்மண்டையிலிருந்து எடுத்து நடும் சிறு முடிக்கொத்து) வைப்பார்கள் என்பதையே முதலிலும் கடைசியிலும் கேட்கிறார்கள். எண்ணிக்கைக்கு மதிப்பே இல்லை என்று சொல்ல வரவில்லை. ஆனால் 3,000 கிராஃப்ட் வைத்தும் செயற்கையாகத் தெரியும் தலைகள் உண்டு. 1,500 கிராஃப்டிலேயே யாரும் ஐயப்படாத தலைகளும் உண்டு. முடி எங்கே, எந்தச் சாய்வில், எந்த வயதை மனத்தில் வைத்து நடப்பட்டது என்பதுதான் இவ்விரண்டையும் பிரிக்கிறது.

முடி கொட்டாத ஒருவரை, தலைமுடியை முழுவதும் பின்னுக்கு வாரச் சொல்லி, ஒரு சாண் தூரத்திலிருந்து அவருடைய நெற்றியைக் கவனித்துப் பாருங்கள். முன்னால் மெல்லிய ஒற்றை முடிகள், ஒன்றுக்கொன்று சம இடைவெளி இல்லாமல், சிதறிக் கிடக்கும். அவற்றுக்கும் முன்னே வழி தவறி வந்தவை போல இரண்டு மூன்று முடிகள் தனியாக நிற்கும். அரை விரற்கடை பின்னால் போனால்தான் முடி தடிக்கும், நெருங்கும். இடப்பக்க மூலை வலப்பக்க மூலையைப் போல இராது. முடிக்கோடு என்று பேச்சுக்குச் சொல்கிறோமே தவிர, அங்கே கோடு எதுவும் இல்லை; தள்ளி நின்று பார்க்கும் கண் அதைக் கோடாக்கிக்கொள்கிறது. சிகிச்சையில் நேரும் முக்கியத் தவறுகளில் பாதி, இல்லாத அந்தக் கோட்டை உண்மையாகவே போட்டுவிடுவதால் வருகின்றன.

இந்தச் சிகிச்சைக்குக் கிடைத்த கெட்ட பெயருக்கு ஒரு வரலாறு உண்டு. ஜப்பானிய மருத்துவர் ஒகுடா, தீக்காயத் தழும்புகளில் முடியோடு கூடிய தோல் துணுக்குகளை நட்ட அனுபவத்தை 1939-இல் வெளியிட்டார். நியூயார்க்கைச் சேர்ந்த நார்மன் ஓரன்ட்ரைக், பின்மண்டையிலிருந்து எடுத்த முடி எங்கே நட்டாலும் தான் பிறந்த இடத்தின் குணத்தையே கொண்டிருக்கும் என்பதை 1959-இல் எழுதினார். இன்றைய சிகிச்சை முழுவதும் அந்தக் கருத்தின்மேல்தான் நிற்கிறது. ஆனால் அக்காலத்தில் எடுத்த துணுக்குகள் சுமார் 4 மில்லிமீட்டர் அகலம் உடையவை. ஒவ்வொன்றிலும் பத்துக்கும் மேற்பட்ட முடிகள் கொத்தாக நின்றதால், தலை பொம்மைத் தலையைப் போலக் காட்சியளித்தது. முடி தோலுக்குள் ஒன்று முதல் நான்கு வரையிலான சிறு கொத்துகளாகவே இயற்கையில் முளைக்கிறது என்பதை 1984-இல் ஹெடிங்டன் விவரித்தார். அந்தக் கொத்துகளை நுண்ணோக்கியின் கீழ் குலையாமல் பிரித்து நடும் முறையை 1994-இல் பாபி லிம்மர் வெளியிட்டார். ஆகவே இன்று பொம்மைத் தலை அமைந்தால் கருவியைக் குறை சொல்வதற்கில்லை. திட்டத்தையும் கையையும்தான் சொல்ல வேண்டும்.

நெற்றியைத் தாழ்த்தும் ஆசை

திருத்துவதற்கு மிகக் கடினமான தவறு இதுதான் என்பதால் சற்று விரிவாகப் பார்க்கலாம். இருபத்து மூன்று வயதில் ஏறுநெற்றி தொடங்கிய ஒருவர், பதினேழு வயதுப் புகைப்படத்தை எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போகிறார். அந்தப் படத்தில் இருக்கும் நெற்றியே வேண்டும் என்கிறார். ஆனால் வளரிளம் பருவத்து முடியெல்லை, வழுக்கையே விழாத ஆண்களுக்கும் இருபதுகளில் சிறிது மேலேறிவிடுவது வழக்கம். வளர்ந்த ஆணின் முடியெல்லையின் நடுப்புள்ளி, புருவமத்தியிலிருந்து பொதுவாக 7 முதல் 10 சென்டிமீட்டர் உயரத்தில் அமைகிறது. அதற்குக் கீழே இறக்கி, இரு மூலைகளிலும் உள்ள இயல்பான ஏற்றத்தையும் முடியால் அடைத்து, காதிலிருந்து காதுவரை ஒரு வில்லைப் போல வரைந்துவிட்டால், அது அன்றைக்கு இளமையாகத் தெரியலாம். ஐம்பது வயது முகத்தின்மேல் அதே எல்லை ஒட்டவைத்தது போல் இருக்கும்.

வயதைவிடப் பெரிய சிக்கல் கணக்கில் இருக்கிறது. முடியெல்லையை ஒரு சென்டிமீட்டர் இறக்க, நெற்றியின் அகலம் 12 சென்டிமீட்டர் என்று கொண்டால், 12 சதுர சென்டிமீட்டர் பரப்பை நிரப்ப வேண்டும். சதுர சென்டிமீட்டருக்கு 40 கிராஃப்ட் என்றால் ஏறக்குறைய 480 கிராஃப்ட் அங்கேயே போய்விடும். சராசரி மனிதரின் பின்மண்டையிலிருந்து வாழ்நாள் முழுவதும் பாதுகாப்பாக எடுக்கக்கூடியது சுமார் 6,000 கிராஃப்ட்தான். சிலருக்குக் கூடும், சிலருக்கு மிகவும் குறையும். முற்றிய வழுக்கையின் பரப்போ 200 சதுர சென்டிமீட்டர் அளவுக்கு விரியும். இயற்கையான அடர்த்தி சதுர சென்டிமீட்டருக்கு 70 கொத்து என்று வைத்தாலும் அதை நிரப்ப 14,000 கொத்து வேண்டும். கையில் இருப்பது அதில் பாதியும் இல்லை. முன்நெற்றியில் தாராளமாகச் செலவழித்தவருக்கு, நாற்பது வயதில் நட்ட முடிக்குப் பின்னால் இருந்த சொந்த முடி உதிரும்போது, முன்னால் ஒரு வேலியும் பின்னால் வெற்றிடமும் மிஞ்சுகின்றன. நட்ட முடி உதிராது என்பது அங்கே வரமாக இல்லாமல் தொல்லையாக மாறுகிறது.

ஆண்களின் முடியெல்லையைப் பெண்களுக்கு அப்படியே வரைவதும் தவறு. பெண்களின் எல்லை பெரும்பாலும் வளைந்து, பக்க மூலைகளில் மூடியிருக்கும்; தவிர, பெண்களுக்கு முடி நெற்றியில் ஏறுவதைவிட வகிட்டைச் சுற்றிப் பரவலாக மெலிவதே மிகுதி என்பதால், பின்மண்டையும் மெலிந்திருக்கிறதா என்று பார்க்காமல் சிகிச்சையைத் தொடங்கக் கூடாது.

முன்வரிசையும் சாய்வும்

எல்லை சரியான உயரத்தில் அமைந்தாலும், முதல் வரிசைகளில் எந்த முடியை வைப்பது என்பதில் தவறலாம். முன்னால் ஒற்றை முடிக் கிராஃப்ட் மட்டும் இருக்க வேண்டும். இரண்டும் மூன்றும் கொண்ட கொத்துகள் அதற்குப் பின்னால் வர வேண்டும். ஒற்றை முடிகள் போதவில்லை என்று இரட்டைக் கொத்துகளை முன்னே வைத்துவிட்டால், காற்றில் முடி பின்னுக்குப் பறக்கும் ஒவ்வொரு முறையும் அவை கொத்துக் கொத்தாகத் தெரியும். தாடியிலிருந்து எடுத்த முடியை முன்வரிசையில் வைப்பதும் அப்படித்தான்: அது தலைமுடியைவிடத் தடிப்பானது, மண்டையின் நடுப்பகுதியில் நிறைவு கூட்டுவதற்கு உதவுமே தவிர நெற்றி ஓரத்துக்கு உதவாது. வரிசை பிசகாமல் நட்ட நாற்றைப் போல முடிகளை நிறுத்துவது வேலையின் சுத்தத்தைக் காட்டும் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். இங்கே சுத்தம் குறையாகிறது. எல்லை சிறிதும் பெரிதுமாக உள்ளே போய் வெளியே வர வேண்டும். அந்தக் கோணல்களைக் கணக்குப் போட்டுச் சமமாக வைத்தாலும் கண் கண்டுபிடித்துவிடும்.

சாய்வைப் பற்றிப் பலர் கேட்பதே இல்லை. எனக்குத் தெரிந்தவரை இயல்புத்தன்மையை ஆக்குவதும் அழிப்பதும் அதுதான். முன்நெற்றியில் முடி தோலிலிருந்து செங்குத்தாக எழுவதில்லை. தோலோடு ஏறத்தாழ 15 முதல் 20 பாகைக் கோணம் மட்டுமே இருக்கும்படி சாய்ந்து, முன்னோக்கி வருகிறது. பின்னால் போகப் போகச் சற்று நிமிர்கிறது. காதுக்கு முன்மேலே உள்ள கன்னப்பொறிப் பகுதியில் தோலோடு ஒட்டிப் படுத்து, கீழ்நோக்கியும் பின்னோக்கியும் போகிறது. உச்சியில் வலஞ்சுழியாகவோ இடஞ்சுழியாகவோ சுற்றுகிறது. சிலருக்கு இரட்டைச் சுழி இருக்கிறது. முடி பிறகு எந்தத் திசையில் வளரும் என்பதை, கிராஃப்டை வைக்கும் முன் தோலில் போடும் துளையே தீர்மானித்துவிடுகிறது. செங்குத்தாகப் போட்ட துளையில் வளர்ந்த முடி தூரிகையைப் போல நிமிர்ந்து நின்று, வேர் தெரியும்படி விலகும். சாய்ந்த முடி ஓடுகளைப் போல ஒன்றன்மேல் ஒன்று படிந்து, குறைந்த எண்ணிக்கையிலும் தோலை மறைக்கும். சீப்பும் ஜெல்லும் இதைச் சிறிது நேரத்துக்கு மறைக்கலாம். தலை நனைந்ததும் முடி தன் திசைக்குத் திரும்பிவிடும். எஞ்சியிருக்கும் சொந்த முடி, மெலிந்த பூனை முடியாக இருந்தாலும், திசைக்கு நல்ல வழிகாட்டி. அதை மழித்துத் துடைத்துவிட்டு அனுமானத்தில் துளை போடுவது தேவையில்லாத துணிச்சல்.

ஆழமும் கணக்கில் வரும். கிராஃப்ட் ஆழமாக இறங்கினால் முடியின் அடியில் சிறு குழி விழும். மேலாக நின்றால் தோல் மேடு தட்டி, சரளைக் கல் பரப்பிய தரையைப் போலாகும். நல்ல வெளிச்சத்தில் ஒரு முழ தூரத்தில் இரண்டும் தெரியும்.

அடர்த்தி என்னும் மயக்கம்

ஓர் இடத்தின் முடி ஏறக்குறைய பாதி உதிரும்வரை அது மெலிந்ததைக் கண் கவனிப்பதில்லை. ஆகவே இயற்கையான அடர்த்தியைத் திரும்பக் கொண்டுவர வேண்டிய தேவை இல்லை. சதுர சென்டிமீட்டருக்கு 30 முதல் 45 கிராஃப்ட் என்ற அளவே பலருக்கு நிறைவாகத் தெரியும். இதற்கு மேல் நெருக்கினால், துளைகள் கூடக் கூட அந்தத் தோலுக்கு இரத்த ஓட்டம் சுருங்கி, வைத்த கிராஃப்ட் பிழைக்காமல் போகும் ஆபத்தும் கூடும்.

மறைக்கும் திறனை முடியின் தடிமன் எண்ணிக்கைக்கு இணையாகத் தீர்மானிக்கிறது. 80 மைக்ரான் தடிமனுள்ள முடியின் குறுக்குப் பரப்பு, 60 மைக்ரான் முடியினுடையதைப் போல ஏறத்தாழ 1.8 மடங்கு. ஆகவே ஒரே எண்ணிக்கை கிராஃப்ட் வைத்துக்கொண்ட இரண்டு நண்பர்களின் தலைகளை ஒப்பிடுவதில் பொருளில்லை. சுருட்டை முடி கூடுதலாக மறைக்கும். வெளிறிய தோலில் கரிய நேர்முடி குறைவாக மறைத்து, சிறு பிழையையும் எடுத்துக்காட்டும். இருக்கும் கிராஃப்டை எல்லா இடத்துக்கும் சமமாகப் பங்கிடுவதும் நல்ல முறையாகாது. முகத்துக்குச் சட்டமாக அமையும் முன்பகுதியின் நடுவில் நெருக்கமாகவும், பின்னால் போகப் போகத் தளர்வாகவும் நடுவதே கண்ணுக்கு உகந்தது. உச்சிச் சுழி எவ்வளவு போட்டாலும் விழுங்கும் இடம். இளம் வயதில் முதல் வேலையாக அதை நிரப்புபவர்கள், பிறகு சுழியைச் சுற்றி வளையமாக வழுக்கை விரிவதைப் பார்க்க நேரலாம்.

பின்மண்டையை மறந்துவிடுதல்

கிராஃப்ட் எண்ணிக்கையைக் காட்டி விளம்பரம் செய்யும்போது, அவை எங்கிருந்து வருகின்றன என்ற பேச்சு எழுவதில்லை. எடுத்த இடத்தில் முடி மீண்டும் முளைக்காது. ஒவ்வொன்றாகத் துளையிட்டு எடுக்கும் எஃப்.யூ.இ. முறையில் தழும்பே இல்லை என்று சொல்வது சரியன்று. 1 மில்லிமீட்டருக்கும் குறைந்த புள்ளித் தழும்புகள் இருக்கும், அவை பரவலாக இருப்பதால் தெரிவதில்லை. ஒரே அமர்வில் அளவு மீறி எடுத்தால், பின்மண்டை பூச்சி அரித்த துணியைப் போலாகி, முன்னால் பெற்றதைப் பின்னால் இழந்ததாகிவிடும். தோலை நாடாவாக அறுத்தெடுக்கும் எஃப்.யூ.டி. முறையில் ஒற்றைக் கோட்டுத் தழும்பு வரும். முடியை ஒட்ட வெட்டிக்கொள்பவர்கள் இதை முன்பே யோசிக்க வேண்டும்.

எண்ணிக்கையைக் கூட்டுவதற்காகப் பாதுகாப்பான பகுதியைத் தாண்டி உச்சிக்கு அருகிலோ பிடரிக்குக் கீழேயோ எடுப்பது இன்னொரு பிழை. முடி பிறந்த இடத்தின் குணத்தைக் கொண்டுசெல்லும் என்ற விதி இங்கே எதிராக வேலை செய்யும்: உதிர வேண்டிய இடத்திலிருந்து எடுத்தது, நட்ட இடத்திலும் உதிரும்.

நட்டதோடு வேலை முடிந்தது என்ற எண்ணமும் இத்தோடு சேர்ந்ததுதான். சிகிச்சை வழுக்கையை நிறுத்துவதில்லை. நடுவில் இருக்கும் சொந்த முடி தன் போக்கில் மெலிந்துகொண்டிருக்கும். மினாக்ஸிடில், 1997-இல் ஆண்களின் வழுக்கைக்காக அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஃபினாஸ்டரைடு போன்ற மருந்துகளைப் பற்றி, பக்க விளைவுகளையும் சேர்த்து, மருத்துவரிடம் பேசி முடிவெடுத்த பிறகே முடியெல்லையை வரைவது நல்லது. புழுவெட்டு, தழும்பேற்படுத்தும் அழற்சி ஆகியவை செயலில் இருக்கும்போது நட்டால் அந்த நோய் நட்ட முடியையும் தாக்கக்கூடும்.

அவசரத் தீர்ப்பு

நட்ட முடி முதல் சில வாரங்களில் உதிர்வது வழக்கம். மயிர்க்கால் உள்ளே தங்கிவிடும். மூன்று நான்கு மாதங்களில் முளைக்கத் தொடங்கி, பன்னிரண்டு மாதங்களில் ஏறக்குறைய முழுமை பெறும். உச்சிக்கு இன்னும் சில மாதங்கள் பிடிக்கலாம். முதலில் முளைப்பது சிலருக்குக் கம்பி போல முரடாக இருந்து பிறகு மென்மையாகும். ஐந்தாம் மாதத்தில் மனமுடைந்து இரண்டாவது அமர்வுக்கு ஓடுவதால், வளரவிருக்கும் கிராஃப்டின் மேலேயே துளை விழ வாய்ப்புண்டு.

முன்பின் புகைப்படங்களைப் பார்க்கும்போது, முன்படம் நனைந்த தலையோடும் உச்சி விளக்கின் கீழும், பின்படம் உலர்ந்து முன்னுக்கு வாரிய தலையோடும் எடுக்கப்பட்டிருக்கிறதா என்று கவனியுங்கள். முடியைப் பின்னுக்கு வாரி, முன்வரிசையை நெருக்கத்தில் காட்டும் படத்தையும், பின்மண்டையின் படத்தையும் கேளுங்கள். எல்லையை யார் வரைவார், துளைகளை யார் போடுவார் என்றும் கேளுங்கள். மருத்துவர் பெயரில் பதிவு செய்துகொண்டு, அன்றைக்கு வேறு கைகள் முழு வேலையையும் செய்யும் இடங்கள் இருக்கின்றன.

ஏற்கெனவே தவறாக நடப்பட்டவர்களுக்கு வழி முற்றிலும் அடைபட்டுவிடவில்லை. எல்லை உயரம் சரியாக இருந்து முன்வரிசை மட்டும் முரடாக இருந்தால், அதற்கு முன்னே ஒற்றை முடிகளை வைத்து மென்மையாக்கலாம். எல்லையே தாழ்ந்திருந்தால் முன்னே வைக்க இடமில்லை. கொத்துகளை ஒவ்வொன்றாகத் துளையிட்டு எடுத்து, பிழைக்கக்கூடியவற்றைப் பின்னால் நட வேண்டும். இதற்குப் பல அமர்வுகள் ஆகலாம்; எடுத்த இடத்தில் சிறு தழும்புகள் நிற்கும்; அதற்கும் பின்மண்டையில் ஏதேனும் மிச்சம் இருக்க வேண்டும்.