குழந்தைகள் வார்டுக்குப் பரிசு வாங்குகிறீர்களா?
நவம்பர் 14 அன்று குழந்தைகள் வார்டில் கொண்டாடப் போகிறீர்கள் என்றால், ரப்பர் பலூன், பூங்கொத்து, பஞ்சு பொம்மைக்குப் போகும் காசில் பிரிக்காத கிரேயான் பெட்டியும் துடைக்கக்கூடிய பிளாஸ்டிக் பொம்மையும் வாங்குங்கள்.

வார்டில் புற்றுநோய்க்குக் கீமோ எடுக்கும் குழந்தையும் இருக்கலாம்; அந்தக் குழந்தைக்குக் கிருமியை எதிர்க்கும் வெள்ளையணுக்கள் குறைந்திருக்கும். பூ வைத்த தண்ணீரிலும் பஞ்சிலும் தங்கும் கிருமியே பெரிய தொற்றாகிவிடலாம். ரப்பர் பலூனில் ஒவ்வாமையும் உண்டு, உடைந்த துண்டு தொண்டையில் சிக்கும் பயமும் உண்டு. பிளாஸ்டிக்கைத் துடைத்தால் போதும். ஆசையாகக் கொண்டுபோனதை வாசலிலேயே திருப்பி அனுப்பும் வாய்ப்பும் குறைவு.

ஐசியூவுக்கும், எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை நடக்கும் தனி அறைக்கும் இது பொருந்தாது. அங்கே சிஸ்டரைக் கேட்காமல் ஒரு பென்சில்கூட வேண்டாம். அப்புறம், கேக்கையும் கேட்டுவிட்டே வாங்குங்கள். அன்று ஆபரேஷனுக்குக் காத்திருக்கும் பிள்ளை எதுவும் சாப்பிடக் கூடாது, பாவம்.