வேகன் வாங்கப் போகும் கடற்கரைக்காரர்கள் செய்யும் தவறுகள்

துபாயில் கடை வைத்திருக்கும் தம்பி ஒருவர் விடுமுறைக்குக் கீழக்கரை வந்திருந்தார். அண்ணனை எங்கள் பக்கம் காக்கா என்போம். "காக்கா, எந்தத் தெருவுல பார்த்தாலும் எஸ்யூவிதான் நிக்குது. எனக்கு அது வேண்டாம். நல்ல ஸ்போர்ட்டி வேகனா ஒண்ணு சொல்லுங்க" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சில வருடங்களுக்கு முன்னால் நானும் இதே வார்த்தைகளைச் சொல்லிக்கொண்டுதான் சென்னைக்கு பஸ் ஏறினேன். பழைய வேகன் ஒன்றை வாங்கியும் வந்தேன். வண்டியில் குறை ஒன்றும் இல்லை. வாங்கிய விதத்திலும் வைத்திருந்த விதத்திலும்தான் குறை. அவரிடம் ஒரு மாலை முழுக்கப் பேசியதை இங்கே எழுதுகிறேன்.

வேகன் என்றால் வேறொன்றுமில்லை. செடான் காரின் கூரையைப் பின்னால் வரை நீட்டி, டிக்கியையும் உள்ளறையையும் ஒன்றாக்கிய வண்டி. நம் நாட்டில் டாடா எஸ்டேட் 1992-இல் வந்தது. பிறகு இண்டிகோ மரினா, ஸ்கோடா ஆக்டேவியா காம்பி என்று சில வந்தன. எதுவும் பெரிதாக ஓடவில்லை. "பின்னாடி ஏன் இப்படி நீண்டு கிடக்கு, ஆம்புலன்ஸ் மாதிரி" என்று கேட்டவர்களே அதிகம். சொகுசு ரகத்தில் ஆடியின் ஆர்எஸ்6 அவான்ட் 2015-இலும், வால்வோவின் வி90 கிராஸ் கன்ட்ரி 2017-இலும், மெர்சிடிஸின் இ-கிளாஸ் ஆல்-டெரெய்ன் 2018-இலும், போர்ஷேயின் டைகான் கிராஸ் டூரிஸ்மோ 2021-இலும் இந்தியாவுக்கு வந்தன. பட்டியல் இவ்வளவு சிறியது என்பதால் பெரும்பாலும் பழைய வண்டிச் சந்தையில்தான் தேட வேண்டியிருக்கும்.

எஸ்யூவி வேண்டாம் என்பதற்கு எங்கள் ராமநாதபுரம் மாவட்டத்தில் நல்ல காரணம் இருக்கிறது. இங்கே மலையும் இல்லை, மேடும் இல்லை. தொண்டியிலிருந்து தேவிபட்டினம் வழியாகச் சாயல்குடி வரை தட்டையான தரை. இருப்பது காற்றுதான். கச்சான் காற்று வீசும் மாதங்களில் பாம்பன் சாலைப் பாலத்தில் உயரமான வண்டியை ஓட்டிப் பார்த்தவருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, ஸ்டீயரிங்கைப் பிடுங்கப் பார்க்கும். வேகனுக்கு உயரம் குறைவு, பக்கவாட்டில் காற்று மோதும் பரப்பும் குறைவு, எடை தரையை ஒட்டி இருக்கும். அதனால் அதே பாலத்தில் ஆட்டம் தெரியாமல் போகும். வளைவிலும் உடம்பு ஒருபக்கமாக அவ்வளவு சாயாது. வேகனை விரும்புகிறவர்கள் மயங்குவது இந்த ஓட்டத்துக்குத்தான். அதில் தப்பில்லை.

தவறு எங்கே தொடங்குகிறது என்றால், "ஸ்போர்ட்டி" என்ற ஒரு சொல்லில் எல்லா வேகனையும் அடக்கிவிடுவதில். மேலே சொன்ன சொகுசு வேகன்கள் நான்கும் ஒரே சாதி இல்லை. ஆர்எஸ்6 போன்றது பந்தயக் குணம் உள்ள வண்டி. எட்டு சிலிண்டர், இரட்டை டர்போ, தரையோடு ஒட்டிய உடம்பு. வேகன்தானே, எஸ்யூவியைவிட லேசாக இருக்கும் என்று நினைத்தால் அதுவும் ஏமாற்றம், இப்போதைய ஆர்எஸ்6 இரண்டு டன்னைத் தாண்டும். கிராஸ் கன்ட்ரி, ஆல்-டெரெய்ன் என்று பெயர் கொண்டவை சற்றே தூக்கிக் கட்டிய வேகன்கள். வி90 கிராஸ் கன்ட்ரிக்கு கிரவுண்ட் கிளியரன்ஸ், அதாவது தரைக்கும் வண்டியின் அடிவயிற்றுக்கும் உள்ள இடைவெளி, 210 மி.மீ., பல எஸ்யூவிகளுக்குச் சமம். முதல் ரகத்தின் படத்தைப் பார்த்து ஆசைப்பட்டு, இரண்டாம் ரகத்துக்கான சாலையில் ஓட்டுகிறவர்தான் அடிபடுகிறார்.

வேகத்தடையை வைத்தே சொல்கிறேன். இந்திய சாலைக் காங்கிரஸ் வகுத்த அளவுப்படி வேகத்தடை 3.7 மீட்டர் அகலமும் 10 செ.மீ. உயரமும் இருக்க வேண்டும். அப்படி இருந்தால் எந்த வேகனும் வழுக்கிக்கொண்டு போய்விடும். ஆனால் ஊருக்குள் பள்ளிவாசல் முன்னாலும் பள்ளிக்கூடம் முன்னாலும் நம் ஆட்கள் போட்டு வைப்பது அந்த அளவிலா இருக்கிறது? சுவர் மாதிரி குறுகலாக, செங்குத்தாக நிற்கும். வேகன் நீளமான வண்டி. முன் சக்கரம் ஏறி இறங்கிய பிறகு நடுவயிறு தட்டும். கிளியரன்ஸ் எண் மட்டும் போதாது, இரண்டு அச்சுகளுக்கு நடுவே உள்ள நீளத்தையும் பார்க்க வேண்டும். கம்பெனி சொல்லும் எண்ணும் பெரும்பாலும் காலி வண்டிக்கானது. ஐந்து பேரும் ராமநாதபுரம் சந்தைச் சாமானும் ஏறியபின் அது அப்படியே இருக்காது.

அதனால் டெஸ்ட் டிரைவை சென்னையிலேயே முடித்துவிடாதீர்கள். அங்கே எல்லா வண்டியும் நல்ல வண்டிதான். முடிந்தால் ஊருக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். முடியாவிட்டால் உங்கள் தெரு வேகத்தடையின் உயரத்தை அளந்துகொண்டு போய், ஐந்து பேரை ஏற்றி, அதே உயரமுள்ள தடையில் ஏற்றிப் பாருங்கள். விற்பனையாளர் முகம் சுளிப்பார். சுளிக்கட்டும்.

டயரும் முள்ளும்

மற்ற ஊர்க்காரர்களுக்கு வராத கஷ்டம் எங்களுக்குக் கருவேல முள்ளால் வருகிறது. கரிமூட்டத்துக்கு விறகு ஏற்றிப் போகும் லாரியிலிருந்து சிறு கிளைகள் விழுந்துகொண்டே போகும். டியூப்லெஸ் டயரில் முள் குத்தினால் உடனே காற்று இறங்காது, இரண்டு நாள் கழித்துத்தான் தெரியும். சாதாரண டயர் இதைத் தாங்கும். லோ ப்ரொஃபைல் டயர், அதாவது பக்கச்சுவர் குட்டையான டயர், தாங்காது. காற்று குறைந்த நிலையில் ஓட்டினால் சுவர் மடங்கிச் சூடாகி உள்ளே கிழிந்துவிடும். சைடுவால் கிழிந்தால் எந்தப் பஞ்சர் கடையிலும் ஒட்ட முடியாது.

டயரில் எழுதியிருக்கும் எண்ணைப் படிக்கப் பழகுங்கள். 235/50 என்றால் டயரின் அகலம் 235 மி.மீ., சுவர் உயரம் அதில் 50 சதவீதம், அதாவது சுமார் 117 மி.மீ. 285/30 என்றால் அகலம் கூடுதல், ஆனால் சுவர் வெறும் 85 மி.மீ. ரிம்முக்கும் பள்ளத்துக்கும் நடுவில் இருப்பது அந்த 85 மி.மீ. ரப்பர் மட்டும்தான். பெரிய ரிம் படத்தில் அழகாகத்தான் இருக்கும். ஒரு சைஸ் சிறிய ரிம்மை அதே மாடலுக்குக் கம்பெனியே அனுமதித்திருந்தால் கண்ணை மூடிக்கொண்டு அதை எடுங்கள்.

அப்புறம் ஸ்டெப்னி. சொகுசு வண்டிகள் பலவற்றில் முழு அளவு ஸ்டெப்னி கிடையாது. பசை பாட்டிலும் சின்ன கம்ப்ரஸரும் தருவார்கள், அல்லது ரன்ஃபிளாட் டயர் போட்டிருப்பார்கள். ரன்ஃபிளாட் என்றால் காற்று போன பிறகும் பொதுவாக 80 கி.மீ. வேகத்துக்குள் 80 கி.மீ. தூரம் ஓட்டலாம் என்பார்கள். கீழக்கரையிலிருந்து மதுரைக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல். கணக்கு உங்களுக்கே புரியும். அந்த அளவு டயர் நம் ஊர்க் கடைகளில் அநேகமாக இருக்காது, சொல்லி வரவழைக்க வேண்டும். நான்கு சக்கரமும் இழுக்கும் ஆல்வீல் டிரைவ் வண்டியில் ஒன்றை மட்டும் புதிதாகப் போடுவதும் நல்லதல்ல. தேய்மானம் நான்கிலும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அந்த அமைப்பே கெடும். எனக்கு முதல் வருடம் ஒரு முள்ளுக்கு இரண்டு டயர் செலவானது இப்படித்தான்.

உப்பு

உப்பைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கடற்கரையில் வண்டியைப் பற்றிப் பேசுவது அர்த்தமில்லாதது. பாம்பன் பாலத்தின் இரும்பைக் காப்பாற்ற ரயில்வே எத்தனை காலம் போராடியது என்பதை ஊரே அறியும். அதே காற்றில்தான் உங்கள் வண்டியும் இரவெல்லாம் நிற்கிறது.

சொகுசு வண்டிகளின் உடம்புத் தகடு துத்தநாகப் பூச்சு பெற்றது, அவ்வளவு சீக்கிரம் துருப்பிடிக்காது. இதைக் கேட்டுவிட்டுப் பலர் நிம்மதியாகிவிடுகிறார்கள். உப்பின் அரிப்பு தொடங்குவது தகட்டில் இல்லை. அடியில் சஸ்பென்ஷனைத் தாங்கும் சப்ஃபிரேம், பிரேக் குழாய், சைலன்சர் இணைப்பு, போல்ட்டுகள், முன்பக்கம் பம்பருக்குப் பின்னால் இருக்கும் ஏசி கன்டென்சர் ஆகியவற்றில்தான் அது வேலையைக் காட்டும். ஸ்போர்ட்டி வண்டிகளில் எடை குறைக்க சஸ்பென்ஷன் பாகங்களை அலுமினியத்தில் செய்து இரும்பு போல்ட்டால் முடுக்கியிருப்பார்கள். இரண்டு உலோகம் தொட்டுக்கொண்டு நடுவில் உப்பு ஈரம் சேர்ந்தால் அது ஒரு சின்ன பேட்டரி மாதிரி. அலுமினியம் வெள்ளையாகப் பொடிந்து போல்ட்டைக் கவ்விக்கொள்ளும். பிறகு ஒரு சின்ன ரப்பர் புஷ் மாற்ற வேண்டுமென்றாலும் போல்ட்டை வெட்டித்தான் எடுக்க வேண்டும்.

கழுவுவதில் செய்யும் தவறு இதைவிடப் பெரியது. எங்கள் பக்கம் "நல்ல தண்ணி" என்று தனியாகப் பெயர் சொல்வதிலேயே விஷயம் இருக்கிறது, மற்றதெல்லாம் உப்புத் தண்ணி. வாரத்துக்கு இருமுறை போர் தண்ணீரில் வண்டியைக் குளிப்பாட்டுவது, உப்பைத் துடைக்க உப்பைப் பூசுவதுதான். நான் இரண்டு வருடம் இதைப் பெருமையாகச் செய்தேன். குடிக்கும் தண்ணீரில் கார் கழுவச் சொல்ல மாட்டேன், அது பாவம். மொட்டைமாடி மழைத்தண்ணீரைப் பிடித்து வைத்திருந்தால், கடைசி அலசலுக்கு இரண்டு வாளி போதும். அந்த இரண்டு வாளியும் மேலே பளபளப்புக்கு வேண்டாம், சின்ன பம்ப் வைத்து அடியில் அடியுங்கள்.

வண்டியின் அடியில் துரு தடுக்கும் பூச்சான அண்டர்கோட்டிங் போடுவது நல்லதுதான். ஆனால் பழைய வண்டியில் ஏற்கெனவே இருக்கும் துருவின் மேல் தார் போலப் பூசினால், உப்பை உள்ளே வைத்து மூடி சீல் வைத்ததாகும். கீழே தண்ணீர் வடியும் துளைகளையும் சேர்த்து அடைத்துவிடுகிறவர்கள் உண்டு. முதலில் கழுவி, காய வைத்து, துருவைச் சுரண்டி, பிறகு பூச வேண்டும். ஆனை வாங்கியவர் அங்குசம் வாங்க யோசிக்கக் கூடாது.

இன்னொன்று, ஆல்வீல் டிரைவ் இருக்கிறதே என்று தனுஷ்கோடியில் தார்ச்சாலையை விட்டு மணலில் இறங்குவது. ரோட்டு டயர் போட்ட இரண்டு டன் வண்டியின் நான்கு சக்கரமும் சேர்ந்து நான்கு குழி தோண்டும், அவ்வளவுதான். ஆல்வீல் டிரைவ் மழைச்சாலைக்கு. அந்த மணலில் பங்குனி ஆமை முட்டையிட வருகிற மாதங்களும் உண்டு என்பதையும் நினைவில் வையுங்கள். அரிச்சல்முனை வரை தார்ச்சாலை இருக்கிறது. போய்விட்டு வந்த அன்றே அடிப்பகுதியை அலசிவிடுங்கள்.

காகிதமும் காசும்

வேகனுக்கு வரி குறைவு என்று இன்னமும் சிலர் சொல்கிறார்கள். அது பழைய கதை. முன்பு நான்கு மீட்டருக்கு மேல் நீளம், 1500 சிசிக்கு மேல் இன்ஜின், 170 மி.மீ. அல்லது அதற்கு மேல் கிளியரன்ஸ் இருந்தால் எஸ்யூவிக் கணக்கில் ஜிஎஸ்டியும் செஸ் என்ற கூடுதல் வரியும் சேர்த்து மொத்தம் 50 சதவீதம், மற்ற பெரிய கார்களுக்கு 48 சதவீதம். 2025 செப்டம்பர் 22 முதல் இரண்டுக்கும் ஜிஎஸ்டி 40 சதவீதம்தான்.

பழைய வண்டி வாங்குகிறவர் பதிவு எண்ணைப் பார்க்க வேண்டும். புதுச்சேரிப் பதிவில் சொகுசு வண்டி மலிவாகக் கிடைப்பதற்குக் காரணம் வரி. வேறு மாநிலப் பதிவு வண்டியை இங்கே 12 மாதங்களுக்கு மேல் வைத்திருந்தால் தமிழ்நாட்டில் மறுபதிவு செய்ய வேண்டும், இங்குள்ள வரியையும் கட்ட வேண்டும். தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட புதிய காருக்கு ஆயுள்வரி 20 சதவீதம். பழைய வண்டிக்கு வயதுக்கேற்பக் குறையும், ஆனாலும் சில்லறை இல்லை.

"துபாயில நான் ஓட்டுற வண்டியையே கப்பல்ல கொண்டுவந்துட்டா?" என்று தம்பி கேட்டார். கொண்டுவர முடியாது. இறக்குமதி செய்யும் பழைய காருக்கு ஸ்டீயரிங் வலப்பக்கம் இருக்க வேண்டும், வயது மூன்று வருடத்தைத் தாண்டக் கூடாது. துபாய் வண்டிக்கு ஸ்டீயரிங் இடப்பக்கம். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

சர்வீஸ் சென்டரின் தூரத்தை வண்டியின் விலையோடு சேர்த்துக் கணக்கிடுங்கள். நமக்கு மிக அருகில் என்றால் மதுரை, பிராண்டைப் பொறுத்து கோயம்புத்தூர், சென்னை. வண்டி வாங்கும் முன் அங்கே போன் செய்து, "இந்த மாடலுக்கு ஏர் சஸ்பென்ஷன் பாகம் எத்தனை நாளில் வரும்?" என்று கேளுங்கள். பதில் சொல்லத் தடுமாறினால் அதுவே பதில். ஐப்பசி, கார்த்திகை மழையில் சாலையில் தண்ணீர் நிற்கும் ஊர் இது. இன்ஜினுக்குள் தண்ணீர் போனால் சாதாரண இன்சூரன்ஸ் கைகொடுக்காது, இன்ஜின் பாதுகாப்புக்கான கூடுதல் பாலிசியைச் சேர்த்து எடுங்கள். தாழ்ந்த வேகனுக்கு இது எஸ்யூவியைவிட அவசியம்.

கடைசியாக, ஆள் எண்ணிக்கை. வேகனில் ஐந்து பேர்தான், அதிலும் நடுவில் உட்காருகிறவர் சபித்துக்கொண்டே வருவார். ஏழு பேர் சேர்ந்து ஏர்வாடிக்கோ மதுரைக்கோ அடிக்கடி போகும் வீடு என்றால் எஸ்யூவியோ எம்பிவியோ வாங்குங்கள், அதில் ஒன்றும் கௌரவக் குறைச்சல் இல்லை. டிக்கியைப் பார்த்து மயங்கி, அதில் குழந்தைகளை உட்கார வைத்துவிடலாம் என்று நினைப்பதுதான் ஆபத்து.

தம்பி வீட்டில் நாலு பேர், கூட அவர் உம்மா. உம்மாவுக்கு முழங்கால் வலி. எஸ்யூவியில் காலைத் தூக்கி ஏற முடியாது, தாழ்ந்த ஸ்போர்ட்ஸ் வண்டியிலிருந்து எழுந்திருக்க முடியாது. மறுநாள் என் வண்டியை அவர்கள் வாசலில் கொண்டுபோய் நிறுத்தினேன். உம்மா கதவைத் திறந்து, உட்கார்ந்து, எழுந்து, மறுபடியும் உட்கார்ந்தார். "இது சரியா இருக்கு வாப்பா" என்றார். தம்பி அன்று மாலையே தூக்கிக் கட்டிய ரக வேகன்களைத் தேட ஆரம்பித்துவிட்டார். 22 இஞ்ச் ரிம் கனவை மட்டும் இன்னும் முழுசாக விட்ட மாதிரித் தெரியவில்லை.