சிறுபிள்ளைகளோடு வெளியே போய், பாதியில் எல்லாம் கெட்டுப்போனால்

சிங்கப்பூரில் ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளையோடு வெளியே போனால், பெரும்பாலும் காலை 11 மணிக்கும் மதியம் 2 மணிக்கும் நடுவில்தான் வம்பு தொடங்கும். பசி, தூக்கம், வெயில் மூன்றும் கூடும் நேரம் அது. விலங்கியல் தோட்டமோ கரையோரப் பூந்தோட்டங்களோ, திறந்தவுடன் நுழைந்து, 11:30க்குள் சாப்பாடு கொடுத்து, தூங்கும் நேரத்தில் வீட்டை நோக்கிக் கிளம்பிவிடுங்கள். ஒரு நாளுக்கு ஓரிடம் போதும். மாலையில் லிட்டில் இந்தியாவின் தேக்காவையும் சேர்த்துக்கொள்வது பெரியவர்களின் ஆசை, பிள்ளை கேட்டதில்லை.

எம்ஆர்டி ரயிலில் சாப்பிடவோ குடிக்கவோ கூடாது. தண்ணீரும் அதில் அடக்கம், அபராதம் 500 வெள்ளி வரை போகலாம். அதனால் கட்டணக் கதவைத் தாண்டும் முன்பே ஊட்டிவிடுங்கள். பொடி தடவிய இட்லி, வாழைப்பழம் கையோடு இருக்கட்டும். தயிர்சாதம் இந்த வெயிலுக்குத் தாங்காது. ஐஸ் கட்டி வைத்த பை இல்லையென்றால் இரண்டு மணி நேரத்துக்குமேல் வைத்திருக்க வேண்டாம். தள்ளுவண்டியில் வெயில் படாமலிருக்கத் துணியைப் போர்த்துவது பலர் செய்யும் தவறு. காற்றோட்டம் நின்று உள்ளே சூடு ஏறிவிடும். குடையோ நிழலோ தேடுங்கள்.

பிள்ளை தரையில் விழுந்து அலற ஆரம்பித்தால் பேச்சுவார்த்தை பயன்படாது. அந்த நிலையில் எதுவும் காதில் ஏறாது. முதலில் இடத்தை மாற்றுங்கள். கடைத்தொகுதியில் குழந்தைப் பராமரிப்பு அறையோ படிக்கட்டு ஓரமோ போதும், வெளிச்சமும் சத்தமும் குறைய வேண்டும், அவ்வளவுதான். பிள்ளையின் உயரத்துக்குக் குனிந்து உட்கார்ந்து, ‘நான் இங்கேதான் இருக்கிறேன்’ என்று மட்டும் சொல்லுங்கள். தாத்தா பாட்டி கூட வந்திருந்தால் பேசுவது ஒருவராகவே இருக்கட்டும். ஒருவர் அதட்ட, ஒருவர் மிட்டாய் நீட்ட, இன்னொருவர் கைப்பேசியைத் திறந்தால் அழுகை நீளும். மூச்சு சீரான பிறகு தண்ணீர், பிறகு ஏதாவது தின்ன, அதன் பிறகே கேள்வி. அரை மணி நேரத்துக்குள் மறுபடியும் அழுதால் வீட்டுக்குக் கிளம்புங்கள். இழுத்துப் பிடிப்பதால் டிக்கெட் காசு திரும்பி வராது.

மழை வருமா என்று அறிய, கிளம்பும் முன் மைஎன்வி (myENV) செயலியில் அடுத்த இரண்டு மணி நேர வானிலையைப் பாருங்கள். இடி கேட்டால் மரத்தடியிலோ பூங்காக் கூடாரத்திலோ ஒதுங்காமல் கட்டடத்துக்குள் போய்விடுங்கள். கடைசி இடி ஓய்ந்து 30 நிமிடம் ஆகும்வரை வெளியே வர வேண்டாம். நீர் விளையாட்டு முடிந்ததும் ஈர உடையோடு குளிரூட்டிய இடத்துக்குள் நுழைந்தால் பிள்ளை நடுங்கி அழும். மாற்று உடை இரண்டு செட், ஒரு மெல்லிய சட்டை, ஈர உடைக்கு ஜிப் பூட்டுப் பை இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள்.

அவசரமாகத் திரும்ப வேண்டுமென்றால் டாக்சிதான் எளிது. 1.35 மீட்டருக்குக் குறைந்த உயரமுள்ள பிள்ளைக்குத் தனியார் வாடகைக் காரில் சிறுவர் இருக்கை கட்டாயம். டாக்சிக்கு விலக்கு உண்டு. செயலியில் தனியார் வாடகைக் காரைப் பிடிப்பவர்கள் சிறுவர் இருக்கை உள்ள வண்டியைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் எதுவும் கொடுக்காதீர்கள். பிறகு சில நிமிடங்களுக்கு ஒரு முறை ஒரு தேக்கரண்டி, அதாவது 5 மில்லி, தண்ணீரோ உப்புச் சர்க்கரைக் கரைசலோ கொடுங்கள். மொத்தமாகக் குடிக்க விட்டால் மறுபடியும் வெளியே வரும். தொட்டாலும் எழாத சோர்வு, பித்தம் போன்ற பச்சை நிற வாந்தி, இரத்தம் இருந்தால் ஆம்புலன்சுக்கு 995 அழையுங்கள்.

பிள்ளை காணாமல் போவதுதான் எல்லாவற்றிலும் பெரிய ஆபத்து. கிளம்பும் முன்பே அன்றைய உடையோடு ஒரு படம் எடுத்து வையுங்கள்; மணிக்கட்டின் உட்புறம் உங்கள் கைப்பேசி எண்ணை எழுதுங்கள், பெயர் வேண்டாம். ‘தொலைந்தால் நின்ற இடத்திலேயே நில், சீருடை போட்டவரிடமோ பிள்ளைகளோடு வந்த அம்மாவிடமோ சொல்’ என்று பழக்குங்கள்.

காணவில்லை என்று தெரிந்த நொடியே, கடற்கரையிலோ நீர்ப் பகுதி அருகிலோ இருந்தால், முதலில் தண்ணீரைத்தான் பார்க்க வேண்டும். கடைசியாகக் கண்ட இடத்திலேயே ஒருவர் நிற்கட்டும், மற்றவர் தேடட்டும். அருகிலுள்ள ஊழியரிடம் படத்தைக் காட்டி வாயில்களைக் கவனிக்கச் சொல்லுங்கள். கொஞ்சம் தேடிப் பார்த்துவிட்டுச் சொல்லலாம் என்று தள்ளிப்போட வேண்டாம்.

ரயிலில் பிரிந்தால்: பிள்ளை நடைமேடையில் நிற்க, நீங்கள் உள்ளே மாட்டிக்கொண்டால் கதவருகே உள்ள அவசரத் தொடர்புப் பொத்தானை அழுத்திச் சொல்லுங்கள், அடுத்த நிலையத்தில் இறங்கித் திரும்புங்கள். பிள்ளை ரயிலில் போய்விட்டால் அதே நிலையத்தில் நின்று ஊழியரிடம் எந்தத் திசை, ரயிலின் முன்பக்கமா பின்பக்கமா என்று சொல்லுங்கள். பின்னால் வரும் ரயிலில் ஏறித் துரத்தினால் இருவரும் தவறிவிடுவீர்கள். பிள்ளை கிடைத்ததும் தேடிக்கொண்டிருக்கும் எல்லாருக்கும் உடனே தகவல் கொடுங்கள்.