சனிக்கிழமைக் கதைக்கு எல்லாப் பிள்ளைகளும் வர

எங்கள் கிளை நூலகத்தில் சனிக்கிழமைதோறும் கதை சொல்கிறேன். முதலில் வாசலைப் பாருங்கள். படி 1 அடி உயரமென்றால் சாய்தளம் 12 அடி நீளமாவது வேண்டும். குறைத்தால் சக்கர நாற்காலியைத் தள்ளுகிறவருக்கு மூச்சு வாங்கும்.

அப்புறம் சத்தம். ஒருமுறை எல்லாரும் கைதட்டியதும் ஒரு பையன் காதைப் பொத்திக்கொண்டு மேசைக்கடியில் போய்விட்டான். தப்பு என்னுடையதுதான். இப்போது கைகளை உயர்த்தி ஆட்டுகிறோம். காது கேளாத பிள்ளைகள் தட்டுவதும் அப்படித்தானே! ஜன்னலுக்கு முதுகு காட்டி நின்று கதை சொல்லாதீர்கள், முகம் இருட்டாகி வாயசைவு தெரியாது.

பார்வையில்லாத பிள்ளைக்குப் படம் எதற்கு? கதையில் யானை வந்தால் கையில் முறத்தைக் கொடுங்கள், அதுதான் காது. விரலால் தொட்டுப் படிக்கும் பிரெயில் புத்தகங்களுக்குச் சென்னை அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் தனிப் பிரிவே இருக்கிறது.