பவளத் துண்டை வில்லையில் ஒட்டும் முறை

கடலில் வாழும் பவளத்திலிருந்து துண்டு வெட்டி, சிறு சிமெண்ட் வில்லையில் ஒட்டிப் புதிதாக வளர்க்கும் முறை இது. துண்டு எடுக்கும் தாய்ப் பவளத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் வெட்ட வேண்டாம். அக்ரோபோரா போன்ற கிளைப் பவளத்துக்கு 5 முதல் 8 செ.மீ. துண்டு போதும். கூர்மையான கட்டரால் ஒரே அழுத்தில் நறுக்குங்கள்; நசுங்கினால் அந்த இடத்திலிருந்தே திசு (எலும்புக்கூட்டை மூடிய உயிர்ச்சதை) உரியும்.

வெட்டுமுகத்தின் ஈரத்தை மட்டும் ஒற்றியெடுத்து, சிமெண்ட் வில்லையில் ஜெல் வகை சயனோஅக்ரிலேட் பசையை (சூப்பர் குளூ) மொச்சை அளவு வைத்து, அசையாமல் அழுத்திப் பிடியுங்கள். பெரும்பாலும் சொதப்புவது இங்கேதான்: துண்டு லேசாக ஆடினாலும் திசு வில்லைமேல் படராது, அந்த இடைவெளியைப் பாசி பிடித்துக்கொள்ளும்.

வாரம் ஒருமுறை பழைய டூத் பிரஷால் வில்லையை மட்டும் தேயுங்கள், பவளத்தில் படாமல். அடியிலிருந்து திசு போய் வெள்ளை ஏறினால், பவளத் திசுவைத் தின்னும் ட்ருபெல்லா நத்தை ஒளிந்திருக்கிறதா பாருங்கள். இருந்தால் இடுக்கியால் பொறுக்கிவிடலாம். இல்லையென்றால் நோயாக இருக்கலாம். வெள்ளைக் கோட்டுக்குச் சற்று மேலே, நல்ல திசுவில் வெட்டி, புது வில்லையில் ஒட்டுங்கள். கடல்நீர் சூடேறும் மாதங்களில் இந்த வேலையே வேண்டாம்.