காப்பகங்களில் அலர்ஜி அவசர மருந்து: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடும் ஒவ்வாமைக்கு (அலர்ஜிக்கு) உடனே போட வேண்டிய, பேனா வடிவிலான அட்ரினலின் ஊசியைக் குழந்தைகள் காப்பகங்கள் கட்டாயம் வைத்திருக்க வேண்டும் என்று விதி வகுப்பது அவசியமானது. ஆனால் மருந்தை வாங்கி வைப்பதோடு அந்த விதி நின்றுவிட்டால், மூச்சுத் திணறும் குழந்தைக்கு அதனால் பயனில்லை.

தவறுகளில் மிகப் பெரியது தாமதம்தான். ஆன்டிஹிஸ்டமின் சிரப்பைக் கொடுத்துவிட்டுச் சற்றுப் பார்ப்போம் என்று காத்திருக்கிறார்கள். அந்த சிரப் அரிப்பையும் தடிப்பையும் குறைக்குமே தவிர, வீங்கி அடைபடும் மூச்சுப்பாதைக்கும் சரியும் ரத்த அழுத்தத்துக்கும் அது மருந்தல்ல. தோலில் எதுவும் தெரியாமலேயே அனாஃபிலாக்சிஸ் (உயிருக்கே ஆபத்தான கடும் ஒவ்வாமை) வரலாம் என்பதையும், பேச்சு வராத குழந்தையிடம் அது விடாத வாந்தியாகவோ, கரகரத்த அழுகையாகவோ, திடீரெனத் துவண்டு போவதாகவோ வெளிப்படலாம் என்பதையும் ஊழியர்கள் அறிந்திருக்க வேண்டும். பெற்றோரைத் தொலைபேசியில் பிடித்து அனுமதி கேட்ட பிறகே ஊசி போடலாம் என்ற நிலை இருக்கவே கூடாது. நல்லெண்ணத்தோடு ஊசி போட்ட ஊழியருக்குச் சட்டப் பாதுகாப்பையும் விதியிலேயே எழுதிவிட வேண்டும்.

பெற்றோர் கொடுத்தனுப்பும் ஊசியே போதும் என்று நினைப்பதும் தவறு. ஒவ்வாமை இருப்பதே தெரியாத குழந்தைக்கு முதல் பாதிப்பு காப்பகத்திலேயே நேரக்கூடும் என்பதால்தான் பொது இருப்பு தேவைப்படுகிறது. அந்த இருப்பில் பெரியவர்களுக்கான 0.3 மில்லிகிராம் ஊசி மட்டும் இருந்தால் போதாது. சிறு குழந்தைகளுக்குப் பரவலாகப் பயன்படுவது 0.15 மில்லிகிராம்.

மருந்தைப் பூட்டிய அலமாரியிலோ குளிர்சாதனப் பெட்டியிலோ வைக்கக் கூடாது. குழந்தைகளுக்கு எட்டாத, ஊழியர் எவரும் உடனே எடுக்கக்கூடிய, அறை வெப்பநிலையுள்ள இடமே சரி. காலாவதித் தேதியையும், மருந்து நிறம் மாறியிருக்கிறதா என்பதையும் மாதந்தோறும் பார்க்க வேண்டும்.

ஊசி போடும்போது கட்டைவிரலைப் பேனாவின் முனைமீது வைப்பவர்கள் உண்டு; தலைகீழாகப் பிடித்திருந்தால் மருந்து அவர்கள் விரலுக்குள்ளேயே போய்விடும். முஷ்டியால் பற்றி, உதறும் காலை அசையாமல் பிடித்துக்கொண்டு, தொடையின் வெளிப்பக்க நடுவில் அழுத்த வேண்டும். உடையைக் கழற்றத் தேவையில்லை. இதைப் பயிற்சிப் பேனாவால் கைப்பழக்கமாக்காமல், காணொளியை மட்டும் காட்டிப் பயிற்சி முடிந்ததாகக் கணக்கெழுதுவது ஏற்கத்தக்கதல்ல.

ஊசி போட்டதும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடக்கவோ, எழுப்பி நிறுத்தவோ கூடாது. படுக்க வைக்க வேண்டும். மூச்சு வாங்கினால் சாய்ந்து உட்காரலாம். தெளிவடைந்துவிட்டது போலத் தெரிந்தாலும் அறிகுறிகள் திரும்ப வரலாம் என்பதால் ஆம்புலன்ஸை அழைத்தே ஆக வேண்டும். 5 முதல் 15 நிமிடங்களுக்குள் முன்னேற்றம் இல்லையென்றால் இரண்டாவது ஊசி தேவைப்படும். ஆகவே ஒரே ஒரு பேனாவை வாங்கி வைத்து இருப்புக் கணக்கை முடிக்கக் கூடாது.