உதவி பெறும் நாட்டில் கருத்துக் கேட்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வெளியிலிருந்து வரும் வளர்ச்சி உதவியைப் பற்றி அதைப் பெறும் நாட்டிலேயே கருத்துக் கேட்பது இன்று ஏறக்குறைய கட்டாய நடைமுறையாகிவிட்டது. உதவி பெறும் நாடே தன் வளர்ச்சிப் பாதையை வகுக்க வேண்டும் என்று 2005ஆம் ஆண்டின் பாரிஸ் பிரகடனம் கூறியது. 2008இல் கானாவின் தலைநகர் அக்ராவில் இதன் தொடர்ச்சியாகக் கூடியவர்கள், அந்தப் பொறுப்பை அரசோடு நிறுத்திவிடாமல் தொண்டு நிறுவனங்கள் போன்ற குடிமைச் சமூகத்துக்கும் அதில் இடம் வேண்டும் என்றார்கள். உலக வங்கி தன் உறுப்பு நாடுகளில் சுமார் மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை அரசு அதிகாரிகள், பிற உதவி அமைப்புகள், தொண்டு நிறுவனங்கள், தனியார் துறையினர், ஊடகத்தினர், கல்வியாளர்கள் ஆகியோரிடம் கருத்தாய்வு நடத்துகிறது. இவ்வளவு கேட்டும், கிடைக்கும் பதில்கள் பல நேரங்களில் நிலைமையைக் காட்டுவதில்லை. அதற்கு வினாத்தாளைக் குறை சொல்வது எளிது. ஆனால் பெரும்பாலான பிழைகள், கேட்பவரிடம் பணம் இருக்கிறது, பதில் சொல்பவருக்கு அது தேவைப்படுகிறது என்ற ஒரே உண்மையிலிருந்து பிறப்பவை.

முதல் தவறு, முடிவெடுத்த பிறகு கேட்பது. இதற்கு நாம் நன்கறிந்த சான்று நர்மதை. சர்தார் சரோவர் அணைக்கு 1985இல் உலக வங்கி கடன் ஒப்பந்தம் செய்தது. நீரில் மூழ்கப்போகும் ஊர்களின் மக்கள் ஆண்டுக்கணக்கில் போராடிய பின்னரே, ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் முன்னாள் தலைவர் பிராட்ஃபோர்ட் மோர்ஸ் தலைமையில் சுயேச்சையான மறு ஆய்வுக் குழு அமைக்கப்பட்டது. பாதிக்கப்படுவோரிடம் உரிய கலந்தாலோசனை நடைபெறவில்லை என்பது அக்குழு 1992இல் அளித்த அறிக்கையின் முக்கியக் கண்டறிதல்களுள் ஒன்று. 1993 மார்ச்சில் எஞ்சிய கடன் தொகை வேண்டாம் என்று இந்தியா அறிவித்தது. பாதிக்கப்பட்டோர் நேரடியாக முறையிடுவதற்கான ஆய்வுக் குழு ஒன்றை உலக வங்கி அதே ஆண்டில் ஏற்படுத்தியது. அணையின் உயரமும் இடமும் முடிவான பிறகு மக்களிடம் கேட்பதற்கு எஞ்சியிருந்தது இழப்பீட்டுத் தொகை மட்டுமே. ஆகவே கருத்துக் கேட்பைத் திட்டமிடுவோர் முதலில் தங்களுக்குள்ளேயே ஒரு பட்டியல் எழுதிக்கொள்வது நல்லது: இந்தப் பதில்களால் எவை மாறக்கூடும், எவை மாறா? மாறக்கூடியது எதுவும் இல்லையென்றால், நடக்கப்போவது அறிவிப்புக் கூட்டம். அதை அறிவிப்புக் கூட்டம் என்றே அழைப்பதுதான் நேர்மை.

அடுத்தது, யாரைக் கேட்பது என்பது. பெரும்பாலும் பட்டியல் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். அமைச்சகம் ஒரு பட்டியல் தருகிறது; உதவி அமைப்பு ஏற்கெனவே பணம் கொடுத்துவரும் தொண்டு நிறுவனங்களின் முகவரிகள் இன்னொரு பட்டியலாகின்றன. இரண்டிலும் இருப்பவர்கள் தலைநகரில் வசிப்பவர்கள், மின்னஞ்சலுக்குப் பதில் எழுதத் தெரிந்தவர்கள், இத்தகைய கூட்டங்களில் பேசிப் பழகியவர்கள். அவர்கள் சொல்வது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் அது உதவிக்கு அருகில் இருப்பவர்களின் கருத்து மட்டுமே. 2010 ஜனவரியில் ஹெய்ட்டியைத் தாக்கிய நிலநடுக்கத்துக்குப் பின் உதவிப் பணிகளை ஒருங்கிணைக்கும் கூட்டங்கள் போர்த்-ஓ-பிரின்ஸ் விமான நிலையத்தருகே இருந்த ஐக்கிய நாடுகள் அவையின் வளாகத்தில், பெருமளவு ஆங்கிலத்திலேயே நடந்தன. கிரியோல் பேசும் மக்களின் உள்ளூர் அமைப்புகளுக்கு அந்த வாயிற்காவலைக் கடப்பதே பெரும்பாடாக இருந்தது. அழைப்பு எல்லோருக்கும் உண்டு என்று காகிதத்தில் எழுதியிருந்தாலும், கூட்டம் நடக்கும் இடமும் மொழியும் வேறோர் அழைப்பிதழை எழுதிவிடுகின்றன.

இதைச் சரிசெய்ய எண்ணிக்கையைக் கூட்டுவது போதாது. அதே வட்டத்தில் இருநூறு பேரைக் கேட்பதைவிட, உதவி கேட்டு விண்ணப்பித்து மறுக்கப்பட்ட அமைப்புகள், திட்டம் தொடங்கி இடையில் நின்றுபோன மாவட்டங்களின் ஊராட்சித் தலைவர்கள், திட்டத்தால் நிலமோ தொழிலோ இழந்தவர்கள் ஆகியோரில் இருபது பேரைத் தேடிச் சென்று கேட்பது அதிகம் கற்றுத்தரும். 2004 ஆழிப்பேரலைக்குப் பின் இலங்கையில் கடற்கரையிலிருந்து தெற்கிலும் மேற்கிலும் 100 மீட்டர், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீட்டர் வரை வீடு கட்டக் கூடாது என்று அரசு விதித்தது. உதவி நிறுவனங்களின் பல வீடுகள் உள்நோக்கி நகர்ந்தன. படகையும் வலையையும் கண்ணில் படும் தூரத்தில் வைத்திருக்க வேண்டிய மீனவக் குடும்பங்களுக்கு அந்த வீடுகளால் என்ன இடர் என்பதைத் தலைநகரக் கூட்டத்தில் அமர்ந்திருக்கும் எவராலும் அவர்களுக்கு ஈடாகச் சொல்லிவிட முடியாது. அந்த வரம்பு பின்னர் தளர்த்தப்பட்டது.

கேட்பவர் யார் என்பதைப் பொருட்படுத்தாமல் விடுவது, என் பார்வையில், எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு. கொடுக்கும் கை கேட்கும் கேள்விக்கு வாங்கும் வாய் மரியாதையாகத்தான் பதில் சொல்லும். உதவி அமைப்பின் சின்னம் பொறித்த வாகனத்தில் வந்து இறங்கி, ‘இந்தத் திட்டத்தால் உங்களுக்குப் பயன் கிடைத்ததா?’ என்று கேட்டால், ‘கிடைத்தது’ என்ற பதிலுக்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம்: உண்மையிலேயே கிடைத்திருக்கலாம், அல்லது அடுத்த கட்டத்தில் தம் ஊர் விடுபட்டுவிடக் கூடாதே என்ற கவலையாக இருக்கலாம். வினாத்தாளைப் பார்த்து இவ்விரண்டையும் பிரித்தறிய இயலாது. ஆப்பிரிக்க நாடுகளில் 1999 முதல் மக்கள் கருத்தாய்வு நடத்திவரும் ஆப்ரோபாரோமீட்டர், நேர்காணலின் இறுதியில் ‘எங்களை அனுப்பியது யார் என்று நினைக்கிறீர்கள்?’ என்று கேட்கிறது. தாங்கள் எந்த அரசையும் சாராதவர்கள் என்று தொடக்கத்திலேயே சொல்லியிருந்தும், அரசே அனுப்பியதாக எண்ணுவோர் கணிசமாக இருக்கிறார்கள். அவ்வாறு எண்ணுவோரின் பதில்களைத் தனியே பிரித்துப் பார்க்கும் வாய்ப்பை அந்த ஒரு கேள்வி தந்துவிடுகிறது. உதவி குறித்த ஒவ்வோர் ஆய்விலும் இதைக் கடைசிக் கேள்வியாகச் சேர்த்துக்கொள்ள எந்தச் செலவும் இல்லை. ஆயினும் மிகச் சிலரே சேர்க்கிறார்கள்.

நேர்காணலைத் தொடர்பற்ற ஒரு நிறுவனத்திடம் ஒப்படைப்பது ஓரளவு உதவும். ஊர்ப் பெரியவரோ திட்ட அலுவலரோ அருகில் நின்று கேட்டுக்கொண்டிருக்க விடாமல் பார்த்துக்கொள்வது அதைவிட உதவும். ஆண்கள் முன்னிலையில் பெண்கள் பேசத் தயங்கும் இடங்களில் பெண்களைப் பெண்களே நேர்காண வேண்டும். ஆசிய நிறுவனம் (The Asia Foundation) என்ற தொண்டு அமைப்பு ஆப்கானிஸ்தானில் நடத்திவந்த மக்கள் கருத்தாய்வில் ஆண்களை ஆண்களும் பெண்களைப் பெண்களுமே சந்தித்தார்கள். தொலைபேசி வழியாகக் கேட்டு முடித்துவிடலாம் என்று எண்ணுவோர், வீட்டிலுள்ள கைபேசி யாருடைய கையில் இருக்கிறது என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

கேள்விகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒரே கேள்வியில் இரண்டைக் கேட்காதீர்கள், விடையைக் கேள்விக்குள்ளேயே வைக்காதீர்கள் என்பன எல்லாக் கருத்தாய்வுகளுக்கும் பொதுவானவை. உதவிக்கே உரிய ஒரு சிக்கல் மட்டும் உண்டு. ‘வெளிநாட்டு உதவி’ என்று ஒரே பொருள் கிடையாது. திருப்பிச் செலுத்த வேண்டிய கடன், செலுத்த வேண்டாத மானியம், வல்லுநர் ஆலோசனை, அவசர நிவாரணம் ஆகியவை வெவ்வேறானவை. அரசின் வரவு செலவுத் திட்டத்தில் நேரடியாகச் சேர்ந்துவிடும் நிதியைப் பொதுமக்கள் கண்ணால் பார்ப்பதே இல்லை. நிதியமைச்சக அதிகாரியிடம் கடன் நிபந்தனைகளைப் பற்றிக் கேட்கலாம். ஒரு குடும்பத்தலைவியிடம் அதைக் கேட்டுப் பயனில்லை. சுகாதார நிலையத்தில் மருந்து இருக்கிறதா, செவிலியர் வருகிறாரா, குறை சொன்னால் யார் கேட்கிறார்கள் என்று அவரிடம் கேட்டால் தெளிவான பதில் வரும். அந்த மருந்துக்கு யார் பணம் கொடுத்தார்கள் என்பதைக் கண்டுபிடிப்பது ஆய்வாளரின் வேலை.

இனி, வந்த பதில்களைப் படிக்கும்போது நேரும் தவறுகள். 1 முதல் 10 வரையிலான அளவுகோலில் எல்லாத் தரப்பினரின் மதிப்பெண்களையும் கூட்டி ஒரே சராசரியாக வெளியிடுவது மிகவும் பரவலான பழக்கம். அதிகாரிகள் 8 தந்து, பத்திரிகையாளர்கள் 4 தந்தால், 6 என்ற சராசரி எவருடைய கருத்தும் அன்று. அதைவிடத் தந்திரமான சிக்கல் காலப்போக்கில் ஒப்பிடும்போது எழுகிறது. முந்தைய ஆய்வில் பதிலளித்தவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் அதிகாரிகளாக இருந்து, இப்போது அவர்கள் பாதியாகிவிட்டால், ஒருவர்கூடத் தம் கருத்தை மாற்றிக்கொள்ளாமலே சராசரி உயர்ந்துவிடும். நன்மதிப்பு வளர்ந்துள்ளதாக அறிக்கை பெருமைப்படும். வளர்ந்தது பதிலளித்தோரில் அதிகாரிகளின் பங்குதான். ஒவ்வொரு தரப்புக்கும் இரு ஆய்வுகளிலும் ஒரே பங்கைத் தந்து, அதாவது தரப்புவாரியாக எடையிட்டு ஒப்பிடுவதும், ஒவ்வொரு தரப்பின் முடிவையும் தனித்தனியே காட்டுவதும் இதற்கான எளிய தீர்வு. தேர்ந்தெடுத்த சில நூறு பேரின் பதில்களை ‘நாட்டு மக்களில் இத்தனை விழுக்காட்டினர்’ என்று எழுதுவது இன்னும் மோசமானது. அந்தச் சில நூறு பேர் நாட்டு மக்கள் அனைவரையும் பிரதிபலிக்கும் மாதிரியே அல்லர்.

‘தெரியாது’ என்ற பதிலை நீக்கிவிட்டுக் கணக்கிடுவதையும் நிறுத்த வேண்டும். இருபது ஆண்டுகளாக ஒரு நாட்டில் இயங்கும் அமைப்பின் பணியைப் பற்றி அந்நாட்டின் பேராசிரியர்களில் பாதிப் பேர் தெரியாது என்கிறார்கள் என்றால், எஞ்சிய பாதியினர் தந்த மதிப்பெண்ணைவிட அந்தத் தெரியாமையே முக்கியச் செய்தி.

பெயரைக் குறிப்பிடாமல் விட்டால் இரகசியம் காக்கப்பட்டுவிட்டதாகக் கருதுவதும் ஆபத்தான பிழை. சிறிய நாட்டில் ‘மின்சாரத் துறை, மூத்த அதிகாரி, பெண்’ என்ற மூன்று விவரங்கள் போதும், பேசியவர் யார் என்று அவருடைய அமைச்சருக்குத் தெரிந்துவிடும். சொன்னதற்காக வேலையோ பாதுகாப்போ பறிபோகக்கூடிய இடங்களில், தரப்புகளைப் பெரிய தொகுதிகளாகச் சேர்த்தே மேற்கோள் காட்ட வேண்டும். சில வேளைகளில் ஒரு நல்ல மேற்கோளை விட்டுவிடவும் வேண்டும்.

கடைசியாக, முடிவுகளைத் திருப்பிக் கொண்டு சேர்க்காதது. உலக வங்கி தன் நாட்டளவிலான கருத்தாய்வு முடிவுகளை இணையத்தில் வெளியிடுகிறது. 2018 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த அதன் சுற்றுச்சூழல், சமூகச் சட்டகம் என்ற விதித்தொகுப்பின் பத்தாவது தரநிலை, தொடர்புடைய தரப்பினரின் பங்கேற்பையும் தகவல் வெளியீட்டையும் கடன் பெறுவோரின் பொறுப்பாக்கியிருக்கிறது. ஆனால் இணையத்தில் ஏற்றிய நூறு பக்க அறிக்கை, மலையடிவார ஊரில் இரண்டு மணி நேரம் அமர்ந்து பதில் சொன்னவரைச் சென்றடையாது. அவர் மொழியில் இரண்டு பக்கங்கள், அதே ஊரில் ஒரு கூட்டம், அங்கே மூன்று விஷயங்கள்: நீங்கள் சொன்னவை இவை, இவற்றில் ஏற்கப்பட்டவை இவை, ஏற்கப்படாதவை இன்ன காரணத்தால் ஏற்கப்படவில்லை. மூன்றாவதைச் சொல்லத்தான் அமைப்புகள் தயங்குகின்றன. அதற்கான நாளையும் பணத்தையும் ஆய்வின் வரவு செலவுக் கணக்கில் தொடக்கத்திலேயே ஒதுக்காவிட்டால், அறிக்கை அச்சான பிறகு எவரும் ஒதுக்கப்போவதில்லை.